பம்பரை வெட்டுவதற்கு முன்

1980-களில் தயாரான ஒரு போர்ஷே 911-ஐ வாங்குகிறார்கள். முன் பம்பர், பானெட், இரண்டு ஃபெண்டர் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைக்கிறார்கள். மிச்சமிருக்கும் தகட்டில் வேண்டாததை வெட்டி எடுத்துவிட்டு, 1973-ஆம் வருஷத்துக் காரின் முகத்தை அந்த இடத்தில் வைத்து வெல்டிங் செய்கிறார்கள். பின்பக்கத்துக்கும் அதே வேலை. பெயின்ட் காய்ந்து வெளியே வரும்போது அந்தக் கார் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாடியே பிறந்தது போல நிற்கும். இந்த வேலைக்குப் பெயர் பேக்டேட்டிங்.

போர்ஷேக்காரர்கள் மட்டும்தான் இதைச் செய்கிறார்கள் என்றில்லை. நான் இருக்கும் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் எம்.ஜி.பி. என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த வைத்தியம் ரொம்ப காலமாக நடக்கிறது. ஜாகுவார் இ-டைப்பில் பிந்தைய மாடலை வைத்திருப்பவர்களில் சிலர், முதல் மாடலில் ஹெட்லைட்டை மூடியிருந்த கண்ணாடியைத் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள். பழைய கார்களைச் சுற்றி வாழ்கிறவர்கள் நடுவில் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், சட்டென்று இரண்டு கட்சியாகிவிடும். ‘கம்பெனி எப்படி அனுப்பியதோ அப்படியே இருக்கட்டும், கை வைக்காதே’ என்பது ஒன்று. ‘காசு கொடுத்து வாங்கியவன் நான், என் இஷ்டம்’ என்பது இன்னொன்று.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் காரின் முகம் முதலில் ஏன் மாறியது, மாற்றியவர்கள் அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்த பிறகுதான் திரும்ப மாற்றலாமா கூடாதா என்று சொல்ல முடியும். எனக்கு எம்.ஜி.பி.-க்கு ஒரு பதிலும் 911-க்கு வேறு பதிலும் இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கார்கள் எல்லாவற்றின் முகத்தையும் மாற்றியது ஒரே இடம்தான். வாஷிங்டன்.

அமெரிக்காவில் 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஒவ்வொன்றாக விதிகள் வர ஆரம்பித்தன. முதலில் அடி வாங்கியவற்றில் இ-டைப் ஒன்று. விளக்கின் வெளிச்சத்துக்கு இடைஞ்சல் என்று 1967-லேயே அந்த அழகான கண்ணாடி மூடி போனது. 1968-ல் வந்த இரண்டாம் சீரீஸில் பின்விளக்குகள் பெரிதாகி பம்பருக்குக் கீழே இறங்கின. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களை உண்மையில் உலுக்கியது பம்பர் விதி. 1973 மாடல் கார்களிலிருந்து, முன்பக்கம் மணிக்கு 5 மைல் வேகத்தில் தடுப்பில் மோதினாலும் விளக்கு, பெட்ரோல் டேங்க் போன்றவற்றுக்குச் சேதம் வரக்கூடாது என்றார்கள். பின்பக்கத்துக்கு முதலில் இரண்டரை மைல், அப்புறம் அதுவும் 5 மைல். அதோடு எல்லாக் கார்களின் பம்பரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள். பார்க்கிங்கில் மெதுவாக இடித்துக்கொள்வதற்கெல்லாம் பணம் கொடுத்துச் சலித்த இன்சூரன்ஸ் கம்பெனிகளின் நெருக்குதலும் இதன் பின்னால் இருந்தது.

பெரிய அமெரிக்கக் கார்களுக்கு இது பெரிய விஷயமில்லை. கனமான பம்பரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டினால் முடிந்தது. தரையோடு தரையாக ஓடும், ஒரு டன்னுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எடையுள்ள ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத்தான் ஆபத்து. அமெரிக்கச் சந்தையை விட்டுவிட்டு இவர்களால் பிழைக்கவும் முடியாது. ஆளாளுக்கு ஒரு வழி தேடினார்கள்.

எம்.ஜி.பி. தேடிய வழியை முதலில் சொல்கிறேன்.

1962-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த கார் அது. 1798 சி.சி. எஞ்சின், மெல்லிய குரோம் பம்பர், செங்குத்துக் கம்பிகள் வைத்த குரோம் கிரில். சாதாரணச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. 1970-களில் சொந்தக்காரரான பிரிட்டிஷ் லேலண்டிடம் புதிய கார் செய்யப் பணமில்லை. ஆகவே 1974 செப்டம்பரில், இரும்புச் சட்டத்தின் மேல் கறுப்புப் பாலியூரிதேன் வார்த்த ஒரு பெரிய மூக்கை முன்னால் மாட்டினார்கள். பின்னாலும் அதே மாதிரி ஒன்று. ரப்பர் பம்பர் என்று ஊரே சொன்னாலும் அது ரப்பர் இல்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உயர விதிக்காகக் காரையே ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். வளைவில் திரும்பினால் கார் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கம்பெனிக்கே அது தெரியும். 1977 மாடலில் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் போட்டு ஓரளவு சரிக்கட்டப் பார்த்தார்கள். அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகை விதிக்காக இரட்டை கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஒற்றை கார்புரேட்டர் வைத்ததில் எஞ்சினின் வேகமும் போயிற்று. 1980 அக்டோபரில் ஆபிங்டனையே மூடிவிட்டார்கள். ஆக, அந்தக் காரின் கடைசி ஆறு வருஷம் இந்தக் கோலத்தில்தான் கழிந்தது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டூல்மேக்கர் ஒருவர் இருக்கிறார். கை சுத்தமான வேலைக்காரர். அவரிடம் 1975-ல் தயாரான திறந்த எம்.ஜி.பி. ஒன்று இருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து அந்தக் கறுப்பு மூக்கு சாம்பல் நிறமாகி வெளிறியிருந்தது. அதைக் குரோம் பம்பர் காராக மாற்றுவது என்று அவர் முடிவெடுத்தபோது, உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் வா என்றார்.

முன்பக்க வேலை நினைத்ததைவிட சுலபம். எம்.ஜி.பி.-யின் முன் ஃபெண்டர்கள் போல்ட்டில் நிற்பவை. ரப்பர் பம்பர் காரில் இண்டிகேட்டர் விளக்கு பம்பருக்குள்ளேயே இருந்ததால் ஃபெண்டரில் அதற்குத் துளை கிடையாது. துளை போட்டுச் சமாளிக்கலாம். அவர் பழைய மாடலுக்கான ஃபெண்டர்களையே வாங்கிவிட்டார். பம்பரைக் கழற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவு கனம். அதற்குக் கீழே மூடி மறைக்க ஒன்றும் இல்லாத வெற்றிடம். அங்கே பழைய மாடலின் கீழ்த்தகடு, அதன் மேல் புதுக் குரோம் கிரில், மெல்லிய பம்பர். ஒரு மதியத்தில் காரின் முகம் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பின்பக்கம்தான் உண்மையான டிங்கரிங் வேலை. பின் ஃபெண்டர்கள் பாடியோடு வெல்டிங் ஆனவை. பெரிய பம்பர் உட்காருவதற்காக அவற்றின் கீழ் மூலையின் வடிவத்தையே கம்பெனி மாற்றியிருந்தது. அந்த மூலையை வெட்டி எடுத்து, குரோம் காலத்து வடிவத்தில் கிடைக்கும் துண்டை அங்கே வைக்க வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் போட்டால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறும்வரை காத்திருந்து நடுவில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போனார். இணைப்பின் மேல் பட்டி பூசுவார் என்று நினைத்தேன். மனிதர் ஈயக் கட்டியை எடுத்தார். சின்னச் சுடரில் ஈயத்தைக் காட்டி, அது உருகியும் உருகாமலும் குழைந்து நிற்கும் பதத்தில், கொழுப்புத் தடவிய மரக்கட்டையால் தகட்டின் மேல் தேய்த்துப் பரப்பினார். சுடர் கொஞ்சம் கூடினால் அத்தனையும் ஒழுகித் தரையில் விழும், குறைந்தால் ஒட்டாது. ஆறியதும் வளைந்த அரத்தால் ராவி ராவி, கை வைத்தால் இணைப்பே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தார். கண்ணை நம்பாதே, உள்ளங்கையை நம்பு என்று சொல்லி என் கையையும் பிடித்து அதன் மேல் ஓட்டிக் காட்டினார்.

கடைசியாகக் காரை இறக்கும் வேலை. உடைத்து விற்கப்பட்ட பழைய கார் ஒன்றிலிருந்து முன் கிராஸ்மெம்பரும், குரோம் காலத்து உயரத்துக்கான பின் பட்டை ஸ்பிரிங்குகளும் வந்தன. எல்லாம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் அதில் ஊரைச் சுற்றி வந்தோம். ரவுண்டானாவில் முன்பெல்லாம் கதவுப் பக்கம் சரிந்து பிடிமானம் தேட வேண்டியிருக்கும். இப்போது கார் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு சுற்று அதே ரவுண்டானாவைச் சுற்றினார்.

இந்தக் கார் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதை வடிவமைத்த எஞ்சினியர்கள் ஒரு உயரத்தைத் தீர்மானித்தார்கள். பணமில்லாத நிர்வாகம் ஒரு விதிக்காக அதைக் கெடுத்தது. பெரியவர் செய்ததைப் பழுதுபார்ப்பு என்றுதான் சொல்வேன். அதே ஆபிங்டன் ஆட்கள் சுதந்திரமாக இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இனி 911.

இந்தக் காரை 1963-ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு காட்டினார்கள். நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்க எண்கள் தனக்கு உரியவை என்று பெஜோ ஆட்சேபிக்க, 911 ஆயிற்று. 1973 மாடல் வரைக்கும் வந்த கார்களை ‘லாங் ஹூட்’ என்பார்கள். அவற்றில் பானெட் நீண்டு, இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் இறங்கி, மெல்லிய பம்பர் வரைக்கும் வந்து முடியும். விளக்கிலிருந்து தரை வரைக்கும் கண் எங்கேயும் தட்டாமல் இறங்கும் ஒரே கோடு. இண்டிகேட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஹாரன் கிரில். பேக்டேட் பண்ணுகிறவர்கள் எல்லோரும் துரத்துவது அந்தக் கோட்டைத்தான்.

1974 மாடலில் பம்பர் விதிக்குப் பதில் சொல்ல வேண்டிய முறை போர்ஷேவுக்கு வந்தது. அப்போது அங்கே வடிவமைப்புத் தலைவர் அனடோல் லாபின். அவர்கள் செய்ததைப் பாருங்கள். கறுப்பு மூக்கு வைக்கவில்லை. உடம்பின் நிறத்திலேயே அலுமினிய பம்பர் ஒன்றைச் செய்தார்கள். அதைக் கொஞ்சம் உயரத்தில் வைத்ததால் பானெட்டின் நுனியைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கினார்கள். மோதினால் பம்பர் உள்ளே போக இடம் வேண்டுமே? பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் துருத்தி மாதிரி மடிந்த கறுப்பு ரப்பரை வைத்தார்கள். அமெரிக்கக் கார்களில் பம்பருக்குப் பின்னால் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர், மெதுவாக இடித்தால் உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும். மற்ற நாடுகளுக்கு நசுங்கும் குழாய், இடித்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். அந்த முகம் 1989 வரைக்கும் அப்படியே ஓடியது. வேறு எந்தக் கம்பெனியும் இந்த விதிக்கு இவ்வளவு நேர்த்தியான விடை கொடுத்ததாக நான் நினைக்கவில்லை.

பின்னே ஏன் வெட்டுகிறார்கள்? அதற்கும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

முதல் காரணம் துரு. 1973-ஆம் வருஷத்து 911 எவ்வளவு அழகோ அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும். 1976 மாடலிலிருந்து போர்ஷே முழு பாடியையும் துத்தநாகம் பூசிய இரும்பில் செய்தது. இரண்டாவது, எஞ்சின். 1960-களின் கடைசியிலிருந்து எஞ்சினின் கிராங்க்கேஸை எடை குறைக்க மக்னீசியத்தில் வார்த்தார்கள். 1974-லிருந்து வந்த 2.7 லிட்டர் எஞ்சின்களில் சூட்டுக்கு அந்த மக்னீசியம் தாங்காமல் ஹெட் ஸ்டட்கள் பிய்த்துக்கொண்டு வந்தன. 1978 மாடலில் வந்த 911 எஸ்.சி.-யின் 3 லிட்டர் எஞ்சினின் கிராங்க்கேஸ் அலுமினியம். கல்லு மாதிரி எஞ்சின் அது. அதற்கப்புறம் 1984 மாடலில் வந்த கரேரா 3.2, ஐரோப்பாவில் 231 குதிரைத்திறன். 1987 மாடலில் அதற்கு ஜி50 என்ற புதிய கியர்பாக்ஸும் வந்தது. ஆக, எளிதில் துருப்பிடிக்காத உடம்பு, நம்பகமான எஞ்சின், வெண்ணெயாக விழும் கியர். இதற்கு மேல் 1973-ன் முகத்தை வைத்தால் ஒரிஜினல் 1973 காரைவிட நல்ல கார் கிடைக்கும் என்பது பேக்டேட் கட்சியின் வாதம். ஓட்டுவதற்கு என்று பார்த்தால் அது சரியான வாதம்தான்.

மூன்றாவது காரணம் ஒரு குறிப்பிட்ட கார். கரேரா 2.7 ஆர்.எஸ். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. பந்தயத்தில் சேர்த்துக்கொள்ள 500 கார் செய்தாக வேண்டும். அத்தனையும் விற்குமா என்று விற்பனைப் பிரிவே பயந்தது. கடைசியில் 1,580 செய்தார்கள். 2,687 சி.சி., 210 குதிரைத்திறன், பின் மூடியில் வாத்து வால் மாதிரி எழும்பிய ஸ்பாய்லர், கதவின் கீழ்ப்பகுதியில் நீளமாக ‘கரேரா’ என்ற எழுத்து. அதில் 200 கார்கள் மெல்லிய தகடும் மெல்லிய கண்ணாடியும் போட்ட லேசான வகை. இன்றைக்கு ஏலத்தில் அந்த லேசான வகை பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது. சாமானியனால் தொடக்கூட முடியாது. அதனால் எஸ்.சி. ஒன்றை வாங்கி, நீண்ட பானெட்டும் வாத்து வாலும் ஃபூக்ஸ் அலாய் சக்கரங்களும் போட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, ஒரே ஒரு நிபந்தனையைத் தவிர. அதை அப்புறம் சொல்கிறேன்.

வேலை எப்படி நடக்கிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகிறது. சிக்கன வழியில், காரின் குட்டை பானெட்டை அப்படியே விட்டுவிட்டு, பழைய பம்பர் மாதிரி ஃபைபர் கிளாஸில் வார்த்த ஒன்றை முன்னால் மாட்டிவிடுவார்கள். அடுத்த முறை ஒரு பேக்டேட் 911-ஐப் பார்த்தால் நேரே முன்னால் போய்க் குனிந்து, பானெட் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அந்த இணைப்புக் கோடு உயரத்தில், விளக்குகளின் அடிப்பக்கத்துக்குக் கிட்டத்தில் ஓடினால் சிக்கன வேலை. மேலே சொன்ன அந்த ஒரே கோடு அங்கே பாதியில் அறுந்திருக்கும். முறையாகச் செய்தால் நீண்ட பானெட்டும் அதற்குரிய ஃபெண்டர்களும் வர வேண்டும், பானெட் பூட்டு உட்காரும் முன் தகட்டை ஸ்பாட் வெல்டிங் புள்ளி புள்ளியாகத் துளைத்து எடுத்துவிட்டுப் பழைய வடிவத் தகட்டை வைக்க வேண்டும். பின்பக்கம் பம்பரின் ஷாக் அப்சார்பருக்கான துளைகளை அடைத்து, விளக்குகளை இணைக்கும் அகலமான சிவப்புப் பட்டையை எடுக்க வேண்டும். ஜன்னலோரக் கறுப்புப் பட்டை குரோமாக வேண்டும், சைடு மிரர் வட்டமாக வேண்டும். அப்படியும் ஒன்று மறையாது. எஸ்.சி.-யின் பின் ஃபெண்டர் 1973 காரைவிட அகலம். அது வெல்டிங் ஆன உடம்பு, பெரும்பாலும் தொட மாட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பழக்கப்பட்ட கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சிலர் 1972 மாடலில் மட்டும் இருந்த எண்ணெய் மூடியைக்கூட வைக்கிறார்கள். அந்த ஒரு வருஷம் எண்ணெய் டேங்கை முன்னுக்கு நகர்த்தியதில், வலது பக்கம் கதவுக்குப் பின்னால் எண்ணெய் ஊற்ற வெளியில் ஒரு மூடி வந்தது. பெட்ரோல் பங்க் ஆட்கள் அதில் பெட்ரோலை ஊற்றிவிட, அடுத்த மாடலில் போர்ஷே அதை எடுத்துவிட்டது. ஒரே ஒரு வருஷம் இருந்த விஷயத்தின் மேல் இவ்வளவு பாசம் வைப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தக் கலையைக் கோடீஸ்வரர்களின் உயரத்துக்குக் கொண்டுபோனவர் ராப் டிக்கின்சன். இங்கிலாந்துக்காரர். லோட்டஸில் வடிவமைப்பாளராக வேலை பார்த்து, பிறகு கேத்தரின் வீல் என்ற ராக் குழுவில் பாடகராக இருந்தவர். 2009-ல் கலிஃபோர்னியாவில் சிங்கர் வெஹிக்கிள் டிசைனைத் தொடங்கினார். பெயர் அவருடைய பாட்டுத் தொழிலுக்கும், போர்ஷேவின் பந்தய எஞ்சினியர் நார்பர்ட் சிங்கருக்கும் சேர்த்து வைத்த மரியாதை. 1989-லிருந்து 1994 வரை வந்த 964 வகை 911-ஐ வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுப்பார். கதவு போன்ற சில பாகங்களை விட்டுவிட்டு மீதி வெளித்தகடு முழுவதையும் கார்பன் ஃபைபரில் செய்து, 1960-70-களின் சாயலில் திருப்பித் தருவார்கள். முதல் வரிசை 450 கார்களோடு முடிந்தது. சிங்கர் கார் ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்குரூவும் யாரோ உட்கார்ந்து யோசித்தது என்று தெரியும். ஆனால் அது 1973-ன் நகல் என்று யாரும் ஏமாற முடியாது. பழைய கோட்டை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த புதுக் கார் அது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இப்போது என் தயக்கத்துக்கு வருகிறேன்.

குட்டை பானெட் 911 வெறும் ‘கெடுக்கப்பட்ட 1973’ இல்லை. 911 என்ற காரே இன்றைக்கு இருப்பதற்குக் காரணம் அந்தக் கார்தான். 1970-களின் கடைசியில் போர்ஷே நிர்வாகம் 911-ஐ நிறுத்திவிட்டு 928, 944 பக்கம் போவதாக இருந்தது. 1981-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில் ஒரு அட்டவணையைப் பார்த்தார். மற்ற மாடல்களின் கோடுகள் நீண்டுகொண்டே போக, 911-ன் கோடு 1981-லேயே நின்றிருந்தது. ஒரு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை அட்டவணைக்கு வெளியே சுவர் வரைக்கும் இழுத்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது எஸ்.சி. அதிலிருந்துதான் கேப்ரியோலே வந்தது, கரேரா 3.2 வந்தது, அதற்கப்புறம் எல்லாம் வந்தது. சாவின் விளிம்பிலிருந்து மீண்ட காரை, அதற்கு முந்தைய கார் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக வெட்டும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1980-களில் இதே வேலை தலைகீழாக நடந்தது. அன்றைக்கு நீண்ட பானெட் கார் வெறும் பழைய கார். புதுசு மாதிரி தெரிய வேண்டும் என்று அவற்றுக்குத் துருத்தி பம்பர் வைத்தார்கள், 911 டர்போ மாதிரி அகல ஃபெண்டர் வைத்தார்கள். வெட்டிப் போட்ட அசல் தகடுகள் குப்பைக்குப் போயின. இன்றைக்கு அந்தக் கார்களைத் திரும்பப் பழையபடி ஆக்க, குப்பையில் போட்ட அதே தகட்டுக்கு அலைகிறார்கள். எஸ்.சி.-யும் 3.2-ம் சும்மா கிடைத்த காலம் ஏற்கெனவே போய்விட்டது. கை படாமல் இருக்கும் துருத்தி பம்பர் கார்களைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

அதனால் 911-ல் என் கணக்கு இது. முன்பக்கம் மோதி நசுங்கிய கார், எப்படியும் புதுத் தகடு வைத்தாக வேண்டிய கார், முன்னாடியே யாரோ கண்டபடி மாற்றிவிட்ட கார் என்றால், தாராளமாக 1973 முகத்தை வையுங்கள். அசல் பெயின்டோடு, அசல் பம்பரோடு ஆரோக்கியமாக நிற்கும் 3.2 என்றால் அதை விட்டுவிட்டு வேறு கார் தேடுங்கள். எம்.ஜி.பி.-யில் கம்பெனி செய்த தப்பைத் திருத்துகிறீர்கள். இங்கே கம்பெனி சரியாகச் செய்த ஒன்றை எடுத்துவிடுகிறீர்கள். அதோடு, மெல்லிய பழைய பம்பர் பார்க்கிங்கில் ஒரு இடி வாங்கினால் ஃபெண்டர் வரைக்கும் செலவு வைக்கும். துருத்தி பம்பர் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

எதை வெட்டினாலும் காரின் வயசு வெட்டுப்படாது, இதைப் பலர் யோசிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1975 வரைக்குமான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1973 முகத்தை வைத்த 1983 எஸ்.சி.-க்கு அந்தச் சலுகை வராது, 1983-க்கு உரிய சோதனையில் தேற வேண்டும். ஜெர்மனியில் 30 வருஷத்துக்கு மேலான கார்களுக்குத் தரும் ‘எச்’ நம்பர் பிளேட்டுக்கும் கார் அதன் காலத்து நிலையில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. வேலை தொடங்கும் முன் சோதனை செய்கிறவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

நான் சொன்ன அந்த நிபந்தனையும் இங்கேதான் வருகிறது. விற்கும்போது காரின் பெயரைச் சொல்லி விற்க வேண்டும். வாங்குகிறவர் செய்ய வேண்டியதும் சுலபம். 911-ன் முன் பானெட்டைத் திறந்து, உள்ளே தகட்டில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் பாருங்கள். உண்மையான 2.7 ஆர்.எஸ். என்றால் 911360 என்று ஆரம்பிக்கும் பத்து இலக்க எண். 1981 மாடலிலிருந்து வந்த கார்களில் 17 எழுத்தும் எண்ணும் கலந்த நீள நம்பர். அந்த நீள நம்பரோடு நிற்கும் கார் எவ்வளவு அழகான வாத்து வால் வைத்திருந்தாலும் அது 1980-களிலோ அதற்கப்புறமோ வந்த கார். நம்பர் இருக்கும் இடத்தைச் சுற்றிப் புது வெல்டிங்கோ, அரம் போட்ட தடமோ இருந்தால் விலையைப் பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

செய்யப் போகிறீர்கள் என்றால் சில வேலைகளை முதல் நாளே முடித்துவிடுங்கள். கத்தி வைக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், தகட்டின் உட்பக்கம் உட்பட. வெட்டும் கோட்டை, பின்னால் ஒருவர் திரும்பப் பொருத்த முடிகிற இடத்தில் வரையுங்கள். பம்பர், பானெட், ஃபெண்டர், ரப்பர் துருத்தி, அடியில் இருக்கும் பிராக்கெட் வரைக்கும் ஒன்றையும் விற்காதீர்கள். அடுத்தவருக்குக் காரைக் கொடுக்கும்போது அவற்றையும் சேர்த்தே கொடுங்கள். பக்கத்துத் தெருப் பெரியவர் அந்த எம்.ஜி.பி.-யின் கறுப்பு மூக்கைக்கூட எறியவில்லை. துணி சுற்றி, எந்தக் காரிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, காரேஜ் பரணில் ஏற்றிவைத்திருக்கிறார். அவ்வளவு கனத்தை மேலே ஏற்ற வேண்டுமா என்று கேட்டேன். இந்தக் காரை எனக்கு அப்புறம் வாங்குகிறவனுக்கு அதுதான் பிடிக்குமோ என்னவோ என்றார்.